அட்மின் குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பேஹெட் சாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்குமே, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் சில வருடங்களுக்கு முன்பு வேலைக்குச் சேர்ந்தேன். அலுவலகத்தின் எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாட்டை டொமைன் என்பார்கள், அதில் எல்லாவற்றையும் மாற்றும் அதிகாரம் உள்ள கணக்குகளின் பட்டியல்தான் டொமைன் அட்மின்ஸ் குரூப். முதல் வாரமே அதைத் திறந்து அதில் இருந்த பெயர்களை ஒரு நோட்டில் எழுதினேன். 23 பெயர் வந்தது. ஐடி பிரிவில் நாங்கள் மொத்தமே 4 பேர்தான்.

மீதி 19ல் ஒரு பெயர் 'ஸ்கேன்'. ஆள் யாரும் இல்லை, மூன்றாவது மாடியில் இருந்த ஜெராக்ஸ் மிஷினுடைய கணக்கு அது. விசாரித்ததில் தெரிந்த கதை இதுதான்: ஸ்கேன் செய்தால் சர்வர் ஃபோல்டரில் போய் விழ வேண்டிய கோப்பு விழவில்லை, மிஷின்காரர் வந்து ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறார், மணி நாலரை ஆகிவிட்டது, யாரோ ஒருவர் "அட்மின்ல போட்டுப் பார்ப்போம், வேலை செய்யுதான்னு தெரிஞ்சுடும்" என்று போட்டிருக்கிறார். வேலை செய்தது, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் மிஷினுக்குள் சேமித்துக் கிடந்தது, மிஷினின் அமைப்புக்குள் நுழைய அது வாங்கி வந்தபோது இருந்த பாஸ்வேர்டே போதும். விவரம் தெரிந்த ஒருவர் அந்த மிஷின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றால், ஸ்கேன் போக வேண்டிய முகவரியைத் தன் லேப்டாப் பக்கம் திருப்பிவிட்டு அந்தக் கணக்கையே பிடித்துவிடலாம். சம்பளக் கணக்கிலிருந்து சுங்கத்துக்கு அனுப்பும் ஆவணம் வரை கம்பெனியின் எல்லாமும் அந்த ஒரு கணக்கின் பின்னால் இருந்தது.

மற்ற பெயர்களும் இதே மாதிரிதான் வந்து சேர்ந்திருந்தன. வேலையை விட்டு ஜொஹானஸ்பர்க் போய்விட்ட ஒருவர், கணக்கு மென்பொருள் நிறுவ வந்த வெளி ஆட்களுக்கு ஒரு வாரத்துக்கென்று கொடுத்த கணக்கு, ஒரு தடவைகூட சர்வரில் கை வைக்காத ஒரு மேலாளர், 'டெஸ்ட்2' என்று யாருக்கும் ஞாபகம் இல்லாத ஒன்று. கெட்ட எண்ணத்தில் சேர்த்த பெயர் ஒன்றுகூட இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அட்மின் குரூப் கெட்டுப்போவது எப்போதும் இப்படித்தான். சேர்க்கும்போது ஒரு காரணம் இருக்கிறது, அவசரம் இருக்கிறது, கேட்பதற்கு ஆள் இருக்கிறார். எடுக்கும்போது இதில் ஒன்றும் கிடையாது. "என்னை அட்மினிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்று தானே வந்து கேட்டவர் எத்தனை பேர்? இத்தனை வருடத்தில் நான் ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

சரி, முதலில் குரூப் என்பது எதற்கு? கோயிலில் சாவிகள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். மடப்பள்ளி சாவி சமைப்பவர்களிடம், கல்யாண மண்டபத்துச் சாவி மண்டபம் பார்ப்பவரிடம், உண்டியல் சாவி தனியாக. ஆள் மாறினால் சாவி கை மாறும், பூட்டை யாரும் மாற்றுவதில்லை. கணினியில் குரூப்பும் இதே வசதிதான்: உரிமையைக் குரூப்புக்குக் கொடுத்துவிட்டால் ஆட்களைச் சேர்ப்பதும் எடுப்பதும் மட்டுமே நம் வேலை. ஆனால் அட்மின் குரூப் மற்றக் குரூப்புகளைப் போல ஒரு அறையின் சாவி ஆகாது. பூட்டுகளை மாற்றும் அதிகாரம் அது. அதில் இருப்பவருக்கு ஒரு ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லையென்றால் அவரே அனுமதியை எழுதிக்கொள்ளலாம், யார் என்ன செய்தார் என்று பதிந்து வைக்கும் லாக் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்றால் அந்த லாக்கையே அழிக்கலாம். அதனால்தான் இந்த ஒரு குரூப்பை மற்ற எதோடும் சேர்த்துப் பார்க்கக் கூடாது என்று சொல்கிறேன்.

விண்டோஸில் ஒவ்வொரு கணினிக்குள்ளும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்று உள்ளூர்க் குரூப் ஒன்று உண்டு. அதன் அடையாள எண் உலகத்தில் உள்ள எல்லா விண்டோஸிலும் ஒன்றேதான், எஸ்-1-5-32-544. கணினியை டொமைனில் சேர்த்த நிமிடமே டொமைன் அட்மின்ஸ் குரூப் இந்த உள்ளூர்க் குரூப்புக்குள் தானாக வந்து உட்கார்ந்துவிடும். ஆக, அங்கே சேர்க்கும் ஒரு பெயர் வரவேற்பறைக் கணினியிலிருந்து சம்பள சர்வர் வரை எல்லாவற்றிலும் முழு அதிகாரம் பெறுகிறது. அதற்கும் மேலே என்டர்பிரைஸ் அட்மின்ஸ், ஸ்கீமா அட்மின்ஸ் என்று இரண்டு இருக்கின்றன. இவை இரண்டும் சாதாரண நாட்களில் காலியாகவே இருக்கலாம். தேவை வரும் அன்று ஒருவரைச் சேர்த்து, வேலை முடிந்ததும் எடுத்துவிடுவதுதான் வழக்கமாக இருக்க வேண்டும்.

ஒருவரை எடுத்துவிட்டோம் என்பதற்காக அந்த நிமிடமே அவர் கையிலிருந்து அதிகாரம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். உள்ளே நுழையும்போது கணினி அவர் எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறார் என்று பார்த்து ஒரு டோக்கன் கட்டிக் கொடுக்கிறது, அன்றைக்கு முழுக்க அந்த டோக்கனைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், பட்டியலை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. தான் யார் என்று நெட்வொர்க்கில் மற்ற சர்வர்களுக்குக் காட்டும் கெர்பரோஸ் டிக்கெட் என்ற அனுமதிச் சீட்டின் வழக்கமான ஆயுள் 10 மணி நேரம், புதுப்பித்துக்கொண்டே போனால் 7 நாள் வரை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு "அட்மினிலிருந்து தூக்கிவிட்டேன்" என்று நிம்மதியாகக் கிளம்பினால், அவர் எங்கோ ஒரு சர்வரில் திறந்து வைத்த திரை திங்கட்கிழமை காலையிலும் அட்மினாகவே இருக்கும். எடுப்பது என்றால் பெயரை எடுப்பது, திறந்திருக்கும் நுழைவுகளை மூடுவது, பாஸ்வேர்டை மாற்றுவது மூன்றும் சேர்ந்ததுதான்.

அப்புறம், பட்டியலில் பெயர் இல்லாத அட்மின்கள். எனக்கு அதிகம் கவலை தருவது இவர்கள்தான், இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

குரூப்புக்குள் குரூப் போடலாம். டொமைன் அட்மின்ஸுக்குள் 'ஐடி சப்போர்ட்' என்று ஒரு குரூப் இருக்கும், அதற்குள் 'டர்பன் கிளை உதவி' என்று இன்னொன்று, அதற்குள் போன வருடம் மூன்று மாதப் பயிற்சிக்கு வந்த பையன். மேல் பட்டியலைப் பார்த்தால் நாலு பெயர்தான் தெரியும், ஆனால் அடுக்கடுக்காகப் பிரித்துக்கொண்டே கீழே இறங்கினால்தான் உண்மையான எண்ணிக்கை. அதனால் பட்டியல் எடுக்கும்போது உள்ளே உள்ள குரூப்புகளையும் பிரித்துக் காட்டும் கட்டளையைத்தான் ஓட்ட வேண்டும்.

அடுத்தது, பெயரைப் பார்த்தால் சாதுவாகத் தெரியும் குரூப்புகள். பேக்கப் ஆபரேட்டர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பேக்கப் எடுக்க வேண்டும் என்றால் எல்லாக் கோப்பையும் படிக்க வேண்டும், அதனால் அனுமதிப் பட்டியல் என்ன சொன்னாலும் தாண்டிப் படிக்கும் உரிமை அந்தக் குரூப்புக்கு உண்டு. டொமைனின் கணக்குகளை வைத்திருக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரில் அந்த உரிமை இருந்தால், எல்லோருடைய பாஸ்வேர்டின் மறைவடிவமும் (ஹாஷ்) இருக்கும் டேட்டாபேஸையே நகல் எடுத்துக்கொண்டு போய்விடலாம். பிரின்ட் ஆபரேட்டர்ஸ் டொமைன் கன்ட்ரோலரில் டிரைவர், அதாவது இயங்குதளத்தின் அடியில் ஓடும் நிரல், ஏற்றலாம். கணினிப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையைப் பார்க்கும் டிஎன்எஸ் அட்மின்ஸ் குரூப்பில் இருப்பவர் தான் எழுதிய கோப்பை டிஎன்எஸ் சேவைக்குள் ஏற்றி அந்த சர்வரையே கைப்பற்றலாம் என்பது 2017ல் வெளியே தெரிந்தது, பெரும்பாலான இடங்களில் அந்த சேவை ஓடுவது டொமைன் கன்ட்ரோலரில்தான். பிரின்டர் பார்ப்பவர்தானே என்று பிரின்ட் ஆபரேட்டர்ஸில் போட்டால், நம்மை அறியாமலேயே அட்மின் கொடுத்திருப்போம். இந்தப் பழைய ஆபரேட்டர் குரூப்புகள் எல்லாம் காலியாக இருப்பதே நல்லது.

இதைவிட ஒரு படி மேலே, ஒரு பெயரே அதிகாரமாக மாறிய சம்பவமும் உண்டு. ஒரே இயந்திரத்தில் பல சர்வர்களை ஓட்டும் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வரை டொமைனோடு சேர்த்தால், 'ஈஎஸ்எக்ஸ் அட்மின்ஸ்' என்ற பெயரில் டொமைனில் எந்தக் குரூப் இருந்தாலும் அதில் உள்ளவர்களை முழு நிர்வாகிகளாக அது ஏற்றுக்கொண்டது. அப்படி ஒரு குரூப் முன்பு இருந்ததே இல்லையென்றாலும் பரவாயில்லை, குரூப் உருவாக்கத் தெரிந்தவர் அந்தப் பெயரில் ஒன்று உருவாக்கித் தன்னைச் சேர்த்துக்கொண்டால் முடிந்தது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் இதைப் பயன்படுத்துவதாக 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. டொமைன் கன்ட்ரோலரே அந்த ஈஎஸ்எக்ஸ்ஐ மேல்தான் ஓடுகிறது என்றால் அதன் டிஸ்க் கோப்பை நகல் எடுத்தவர் டொமைனையே எடுத்தவர்தான். பேக்கப் சர்வரைப் பார்த்துக்கொள்பவரும் அப்படித்தான். அட்மின் யார் என்று கேட்டால் குரூப்பை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது, அந்தக் குரூப்பில் இருப்பவருடைய பாஸ்வேர்டை மாற்ற யாரால் முடியும், அந்த சர்வரின் டிஸ்க் யார் கையில், அந்த சர்வருக்குப் போகும் அமைப்பு விதிகளை, அதாவது குரூப் பாலிசியை, யார் திருத்தலாம் என்று பின்னால் பின்னால் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

பாஸ்வேர்ட் மாற்றும் விஷயத்தில் விண்டோஸே ஒரு காவல் வைத்திருக்கிறது. அட்மின்எஸ்டிஹோல்டர் என்று ஒரு மாதிரிப் பொருள், அதில் எழுதியிருக்கும் அனுமதிகளை 60 நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்து அட்மின் குரூப்புகள் மீதும் அவற்றின் உறுப்பினர்கள் மீதும் திரும்ப எழுதிவிடும். ஹெல்ப்டெஸ்க் ஆள் ஒருவர் அட்மினுடைய பாஸ்வேர்டை மாற்ற உரிமை வாங்கினாலும் ஒரு மணி நேரத்தில் அது காணாமல் போகும். நல்ல ஏற்பாடு, ஆனால் தெரியாதவரைக் குழப்பும். ஒருவரை அட்மின் குரூப்பிலிருந்து எடுத்த பிறகும் அவர் கணக்கில் அட்மின்கவுன்ட் என்ற குறி 1 என்றே இருக்கும், மேலே உள்ள ஃபோல்டரின் அனுமதிகள் அவருக்கு இறங்காது. "இவர் இப்போது சாதாரண ஆள்தானே, ஏன் என்னால் இவர் பாஸ்வேர்டை மாற்ற முடியவில்லை" என்று ஹெல்ப்டெஸ்க் பெண் ஒருவர் என்னிடம் அரை நாள் அலைந்தார், காரணம் இதுதான். குறியை எடுத்து, அனுமதி இறங்குவதை நாமே திரும்பத் திறந்துவிட வேண்டும். இன்னொரு பக்கம், உள்ளே நுழைந்துவிட்ட திருடன் அந்த மாதிரிப் பொருளிலேயே தன் பெயரை எழுதிவிட்டால் நாம் எத்தனை தடவை துடைத்தாலும் ஒரு மணி நேரத்தில் விண்டோஸே அவனைத் திரும்ப எழுதிக் கொடுத்துவிடும். பட்டியல் சரிபார்க்கும் நாளில் அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

லினக்ஸ் பக்கம் கதை சுருக்கம். அங்கே முழு அதிகாரம் உள்ள கணக்கின் பெயர் ரூட், அந்த அதிகாரத்தை வாங்கிக்கொள்ள அனுமதி உள்ளவர்களுக்கு சில வகைகளில் வீல், உபுண்டுவில் சுடோ என்று குரூப். வீல் என்ற பெயர் டெனெக்ஸ் என்ற பழைய இயங்குதளத்திலிருந்து வந்தது, பெரிய ஆளைக் குறிக்கும் பேச்சு வழக்கு. இந்தக் குரூப் வேண்டவே வேண்டாம், ஒரு சிலர் மற்ற எல்லோர் மேலும் அதிகாரம் செலுத்த இது வழி என்று கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் வாதாடினார், வேறொரு கணக்குக்கு மாற குனு தந்த எஸ்யு கட்டளையில் அதை அவர் ஆதரிக்கவில்லை. ஒரு ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட காலத்துக்கு அந்த வாதத்தில் நியாயம் இருந்திருக்கலாம், ஊராருடைய அடையாள எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கும் கணினியில் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன். இங்கேயும் பெயரைப் பார்த்து ஏமாறும் குரூப் உண்டு: நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கரின் குரூப்பில் ஒருவரைச் சேர்ப்பது ரூட் கொடுப்பதற்குச் சமம், அவர் ஒரு கன்டெய்னரைத் தொடங்கி முழு டிஸ்க்கையும் அதற்குள் இணைத்துக்கொள்ளலாம். சுடோவில் "விம் மட்டும்" என்று கொடுத்தாலும் அதே கதைதான், விம் என்ற உரை திருத்தும் நிரலுக்குள்ளிருந்தே கட்டளைத் திரையை (ஷெல்) திறக்கலாம்.

2021 ஜூலையில் டர்பன் எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கலவரமும் சூறையும் அடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, 22ஆம் தேதி துறைமுகங்களை நடத்தும் டிரான்ஸ்நெட்டின் கணினிகள் மீது தாக்குதல். கன்டெய்னர் வேலைகளைக் கையால் எழுதிச் செய்ய வேண்டி வந்தது, டர்பன், கேப் டவுன் உட்பட நான்கு துறைமுகங்களில் கையை மீறிய காரணத்தால் ஒப்பந்தப்படி செய்ய முடியாது என்று ஃபோர்ஸ் மஜர் அறிவித்தார்கள். எங்கள் அலுவலகத்தில் ஃபோன் ஓயவில்லை, சரக்கு எங்கே என்று கேட்டவர்களுக்குச் சொல்ல எங்களிடம் பதில் இல்லை. துறைமுகம் நின்றால் இந்த ஊரில் என்னென்ன நிற்கும் என்பதை அந்த வாரம்தான் கண்ணால் பார்த்தேன்.

கப்பல் தொழிலில் அட்மின் கணக்கின் ஆபத்தைச் சொல்ல இன்னும் தெளிவான உதாரணம் டென்மார்க்கின் கப்பல் நிறுவனம் மெர்ஸ்க். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நச்சு நிரல் அவர்கள் நெட்வொர்க்கில் பரவியது. விண்டோஸின் ஓட்டை ஒன்றைப் பயன்படுத்தியதோடு, பிடித்த கணினியின் நினைவகத்தில் தங்கியிருந்த பாஸ்வேர்ட் விவரங்களை உருவி அடுத்த கணினிக்குள் நுழைந்தது. ஓட்டையை அடைத்த கணினியும் தப்பவில்லை, ஏனென்றால் அது சரியான சாவியோடு கதவைத் திறந்துகொண்டு வந்தது. சுமார் 4000 சர்வர், 45,000 கணினி திரும்ப நிறுவ வேண்டி வந்தது. அவர்களுடைய டொமைன் கன்ட்ரோலர்கள் எல்லாம் அழிந்துபோக, ஒன்றே ஒன்று மிஞ்சியது, அது கானாவில் இருந்தது, தாக்குதல் நேரத்தில் அங்கே மின்வெட்டு. லோட் ஷெடிங்கைத் திட்டித் திட்டி வாழ்ந்த நமக்கு அந்த இடத்தைப் படிக்கும்போது மனசு ஒரு நிமிடம் நின்றுவிடும்.

இதிலிருந்து நேராக வரும் விதி ஒன்று உண்டு. டொமைன் அட்மின் கணக்கோடு சாதாரண ஊழியரின் கணினியில் ஒருபோதும் நுழையக் கூடாது. பிரின்டர் சரிசெய்யப் போன அட்மின் அங்கே தன் கணக்கில் நுழைந்தால், அந்தக் கணினியின் நினைவகத்தில் அவருடைய சாவியின் அச்சு தங்கும், நாளைக்கு அந்த ஊழியர் தப்பான மின்னஞ்சலைத் திறந்தால் அந்த அச்சும் சேர்ந்து போகும். அதனால் ஒருவருக்கே இரண்டு கணக்கு: மின்னஞ்சல் பார்க்க, இணையம் பார்க்க ஒன்று, சர்வர் வேலைக்கு ஒன்று. ஊழியர் கணினிகளைப் பார்க்க இன்னும் குறைந்த அதிகாரத்தில் மூன்றாவது. எரிச்சலாகத்தான் இருக்கும், எனக்கும் இருக்கிறது. பெரிய கணக்குகளை புரொடெக்டட் யூசர்ஸ் என்ற குரூப்பில் போட்டால் இன்னும் நல்லது. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 முதல் இது இருக்கிறது, அதில் இருப்பவரின் பாஸ்வேர்ட் கணினியில் தேங்காது, டிக்கெட்டின் ஆயுளும் 4 மணி நேரம்தான். ஆனால் நிரல்களும் மிஷின்களும் பயன்படுத்தும் சேவைக் கணக்குகளை அதில் போடாதீர்கள், வேலை நின்றுவிடும்.

எல்லாக் கணினியிலும் உள்ளூர் அட்மினுக்கு ஒரே பாஸ்வேர்ட் வைக்கும் பழக்கம் டர்பனில் நான் பார்த்த சின்ன அலுவலகங்களில் பாதிக்கு மேல் இருந்தது. ஒன்று போனால் எல்லாம் போச்சு. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி பாஸ்வேர்ட் வைத்து, தானாக மாற்றி, டொமைனில் பூட்டி வைக்கும் லாப்ஸ் என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் 2015ல் இலவசமாகக் கொடுத்தது, 2023 ஏப்ரல் முதல் விண்டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது. காசு செலவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகும் இதில் கஷ்டமான பகுதி கணினியில் இல்லை. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் நாங்கள் போகும் கோயிலின் அலுவலகக் கணினியையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உறுப்பினர் பட்டியல், காவடி எடுப்பவர்களின் பதிவு, மண்டப முன்பணம், நன்கொடை கொடுத்தவர்களின் வங்கி விவரம் எல்லாம் அதில் இருக்கிறது. அங்கேயும் எல்லோரும் அட்மின், பாஸ்வேர்ட் மானிட்டரில் ஒட்டியிருந்தது. நான் அதை மாற்றி, தினமும் அலுவலகம் திறக்கும் இளைஞர் ஒருவரையும் என்னையும் மட்டும் அட்மினாக வைத்தேன். பொருளாளர் மாமாவுக்கு அது சங்கடமாகிவிட்டது.

"என்ன தம்பி, இருபது வருஷமா கணக்கு பாக்குறேன், எனக்கு இல்லாத அட்மின் அந்தப் பையனுக்கா?" என்று கேட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

அட்மின் என்ற சொல்லை நம் ஆட்கள் பதவியாகக் கேட்கிறார்கள், பிரச்சினை அங்கேதான். பெரியவருக்குக் கொடுக்காமல் சின்னப் பையனுக்குக் கொடுத்தால் மரியாதைக் குறைவு. கம்பெனியிலும் இதேதான், அந்த மேலாளர் சர்வரைத் தொட்டதே இல்லை, ஆனால் "நான் மேனேஜர், எனக்கு எல்லாம் திறக்க வேண்டும்" என்று கேட்டு வாங்கியிருந்தார். நான் மாமாவிடம் உண்டியலைப் பற்றிக் கேட்டேன். "மாமா, உண்டியலுக்கு ஏன் ரெண்டு பூட்டு? உங்க கிட்ட ஒரு சாவி, தலைவர் கிட்ட ஒரு சாவி. உங்கமேல நம்பிக்கை இல்லாமலா?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அது நம்மளக் காப்பாத்தத்தான், நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாதுல்ல" என்றார். கணக்கு மென்பொருளில் அவருக்கு எல்லாம் திறந்திருக்கிறது, கணினியில் புதிதாக ஒன்றை நிறுவத்தான் முடியாது என்று காட்டினேன். முழுசாகச் சமாதானம் ஆனார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த வாரமே மானிட்டரில் இருந்த சீட்டை அவரே கிழித்தார்.

கணினிப் பாதுகாப்பில் அடிப்படையாகச் சொல்லப்படும் கட்டுரை ஒன்று 1975ல் வந்தது, சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் எழுதியது. ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையான அதிகாரம் மட்டும் என்ற விதி அதில் இருக்கிறது, இரண்டு சாவி இருந்தால்தான் திறக்கும் பூட்டு ஒரு சாவிப் பூட்டைவிட உறுதி என்பதும் அதில் இருக்கிறது. 2013ல் ரகசிய ஆவணங்களை ஸ்னோடன் வெளியிட்ட விஷயம் வெடித்த பிறகு அமெரிக்காவின் உளவு அமைப்பான என்எஸ்ஏ தன் நிர்வாகிகளுக்கு இரண்டு பேர் சேர்ந்துதான் என்ற விதியைக் கொண்டுவந்தது. ஸ்னோடனே கணினி நிர்வாகியாக வேலை பார்த்தவர். அத்தனை பெரிய இடம் அன்றைக்குக் கொண்டுவந்ததை நம் கோயில்கள் உண்டியலுக்கு எப்போதோ செய்துவிட்டன. கணினியிலும் இதைச் செய்யலாம்: ஒருவர் கேட்க இன்னொருவர் ஒப்புதல் கொடுத்தால்தான் குரூப்பில் சேர முடியும், அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு. விண்டோஸ் சர்வர் 2016 முதல் உறுப்பினராவதற்கே நேரக் கெடு வைக்கும் வசதி இருக்கிறது, நேரம் முடிந்தால் பெயர் தானாக விழுந்துவிடும். எடுக்க ஆள் இல்லை என்று முதலில் சொன்னேனே, அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்து இதுதான்.

சட்டமும் இதைக் கேட்கிறது. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நாம் பொப்பியா என்று சொல்வது, தயாராவதற்குத் தந்த ஒரு வருடக் கெடு முடிந்து 2021 ஜூலை 1 முதல் எல்லோரும் பின்பற்ற வேண்டியதானது. அதன் 19ஆம் பிரிவு, தகவலுக்கு ஆபத்து எங்கே என்று கண்டுபிடி, காவல் வை, அந்தக் காவல் வேலை செய்கிறதா என்று அவ்வப்போது பார் என்கிறது. கோயிலுக்கும் இது பொருந்தும், காவடிப் பதிவும் தனிநபர் தகவல்தான். 2021 செப்டம்பரில் நீதித்துறை அமைச்சகத்தின் கணினிகளை ரான்சம்வேர் முடக்கியது. ஆன்டிவைரஸ், ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், லாக்குகளைக் கண்காணிக்கும் மென்பொருள் இவற்றின் உரிமங்களைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள், அதைச் சரிசெய்யச் சொன்ன உத்தரவையும் நிறைவேற்றாததால் 2023ல் தகவல் ஒழுங்குமுறை அமைப்பு அந்த அமைச்சகத்துக்கு 50 லட்சம் ராண்ட் அபராதம் போட்டது.

லாக்கைப் பார்க்க ஆள் வேண்டும் என்பது அட்மின் குரூப்புக்கு ரொம்பப் பொருந்தும். விண்டோஸில் டொமைன் அட்மின்ஸ் மாதிரி குரூப்பில் யாரைச் சேர்த்தாலும் 4728 என்ற எண்ணில் பதிவு விழும், உள்ளூர்க் குரூப் என்றால் 4732, என்டர்பிரைஸ் அட்மின்ஸ் மாதிரி யுனிவர்சல் குரூப் என்றால் 4756. இந்த மூன்று எண்ணுக்கும் ஒரு எச்சரிக்கை மின்னஞ்சல் வைத்தால் போதும், பெரிய மென்பொருள் வேண்டாம். அந்த மின்னஞ்சல் அட்மின் இல்லாத ஒருவருக்கும் போக வேண்டும், அதே கணினியில் மட்டும் லாக் இருக்கவும் கூடாது, அட்மின் ஆனவன் முதலில் அழிப்பது அதைத்தான்.

அவசரத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீளமான பாஸ்வேர்ட், தாளில் எழுதி உறையில் ஒட்டி, பெட்டகத்தில். உறையின் மேல் இரண்டு பேர் கையெழுத்து. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதை நிஜமாகவே திறந்து உள்ளே நுழைந்து பார்த்து, பாஸ்வேர்டை மாற்றி, புது உறையில் ஒட்டுங்கள். உறை இருக்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் பாஸ்வேர்ட் மூன்று வருடத்துக்கு முன்னாலேயே மாறிவிட்டது என்பதை சர்வர் விழுந்த அன்று ராத்திரி கண்டுபிடிப்பது கொடுமை.

இனி, உங்களிடம் 23 பெயர் இருந்தால் என்ன செய்வது? ஒரே நாளில் 19ஐயும் எடுக்காதீர்கள். முதலில் மனிதர்களை எடுங்கள், அது எளிது, வேலையை விட்டுப் போனவர்களிலிருந்து தொடங்கலாம், மற்றவர்களிடம் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள். மின்னஞ்சலில் சொன்னால் மனசு கசந்துவிடும். அப்புறம் சேவைக் கணக்குகள். ஒவ்வொன்றும் எந்தக் கணினியிலிருந்து, எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது என்று லாக்கில் ஒரு மாதம் பாருங்கள். அதற்கு உண்மையில் தேவைப்படும் ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி எழுதிவிட்டு, காலை நேரத்தில், வெள்ளிக்கிழமை தவிர்த்து, குரூப்பிலிருந்து எடுங்கள். கணக்கை அழிக்க வேண்டாம், இருக்கட்டும். 'ஸ்கேன்' கணக்கை நான் எடுத்த அன்று மூன்றாவது மாடியிலிருந்து ஒரு ஃபோன் வந்தது, ஃபோல்டர் அனுமதியில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது, பத்து நிமிடத்தில் சரியானது. பேக்கப் கணக்கை எடுத்தபோது அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, மாதக் கடைசியில் ஓடும் முழு பேக்கப் மட்டும் நின்றது. அதனால் ஒரு பெயரை எடுத்தால் ஒரு மாதக் கடைசி தாண்டும் வரை காத்திருங்கள், சம்பளம் ஓடட்டும், வாட் கணக்கு போகட்டும், அப்புறம் அடுத்த பெயருக்குப் போங்கள். எங்களுக்கு 23 மூன்றாக ஆக பதினோரு மாதம் பிடித்தது.